கயிற்றுக்கு அரிசி: கல்பேனித் தீவும் அதன் மக்களும்

தென்னை வளர்ப்போரும் நார் திரிப்போரும் நம் சங்கங்களில் பெருந்தொகையினர். அவர்கள் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு உடைய சிறு தீவு ஒன்று அரபிக்கடலில் இருக்கிறது. கொச்சிக்கு நேர் மேற்கே ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கல்பேனி என்பதே அது. லட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று இத்தீவுகள் மத்திய ஆட்சிப் பகுதியாகும் வரையில், மலபார் ஜில்லாவின் பகுதியாக, சென்னை மாகாணத்தின் ஆளுகையிலேயே கல்பேனியும் இருந்து வந்தது. எனவே இதனை முற்றிலும் அயலார் கதை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

தீவின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதில் வாழ்ந்தோர் 4,400 பேர் அளவினர். சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேருக்கு மேல் என்று ஆகிறது. அதே கணக்கில் தமிழ்நாட்டின் நெருக்கம் 555 தான். மலை இல்லை, ஆறு இல்லை, களிமண்ணும் இல்லை. பவளப் பூச்சிகள் கட்டிய திட்டின்மேல் வெண்மணல் சில அடி உயரத்திற்குப் படிந்து கிடக்கிறது. அதன்மேல் தென்னை நிற்கிறது. மேற்கே ஆழமற்ற கழியும், அதனைச் சூழ்ந்த பவளப் பாரும், அப்பாருக்குள்ளேயே திலாக்கம், பிட்டி, செரியம் என்னும் ஆளற்ற குறுந்திட்டுகளும் உள்ளன.

கிழக்குக் கரையிலோ பவளக் கற்களாலான நீண்ட மேடு ஒன்று காணப்படுகிறது. மனிதர் எழுப்பிய அணை என்று புதியவர் எண்ணுவர். அது 1847ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரே புயல் வாரி எறிந்த குவியல். அப்போது தீவில் 1,642 பேர் இருந்தனர். அவர்களுள் 246 பேரைக் கடல் கொண்டுபோயிற்று. அடுத்த சில மாதங்களில் பசியாலும் நோயாலும் 112 பேர் மாண்டனர். 376 பேர் மலபார்க் கரைக்கு ஓடிப் பிழைத்தனர். எஞ்சி நின்றோர் 908 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மறு ஆண்டில் நிலைமையை ஆராய்ந்த ராபின்சன் என்னும் வெள்ளை அதிகாரியின் வாயிலாக இச்செய்திகள் ஏட்டில் ஏறின. புயலில் மாண்டவர் தொகையின் ஏறத்தாழப் பாதியளவினர் புயல் ஓய்ந்த பின்னர் மாண்டனர் என்பதை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். தென்னை வீழ்ந்தது, ஆகவே கயிறு இல்லை, கயிறு இல்லையாகவே அரிசியும் இல்லை. நெல் விளையாத தீவில் தென்னையே வயல், தென்னையே பணம்.

அத்தென்னை பிழைப்பதும் ஒரு விந்தையே. நாற்புறமும் உப்பு நீர் சூழ்ந்திருக்க, தீவின் கிணறுகளில் நன்னீர் ஊறுகிறது. பெய்யும் மழை மணலினூடே இறங்கி, அடியில் உள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. எண்ணெய் நீரின்மேல் நிற்பதுபோல என்று ஒருவாறு சொல்லலாம். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே 40 அடி வரையில் அது இறங்கியிருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. ஆகவே மேலே ஓர் அடி குறையும்படி இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் இந்நீர் நிலை கெடவில்லை. விசைப் பம்பு வந்த பிறகு உப்புக் கலக்கும் கிணறுகள் பெருகின. கடற்கரையோரத்தில் தோட்டம் வைத்திருக்கும் நம் அங்கத்தினருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இத்தீவுகளின் காய் சிறியது. ஆனால் கொப்பரையில் எண்ணெய் மிகுதி. நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் எண்ணெய் தரும் லட்சத்தீவு நெட்டை இரகத்தைக் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் 1985இல் சந்திரகல்பா என்ற பெயரில் வெளியிட்டனர். காய்க்கும் மரத்திற்கு அங்கே பெரும் பகை எலி. மட்டைக்கு மட்டை தாவி, தரையைத் தொடாமலே குருத்திலும் இளங்காயிலும் அது வாழும். தனி ஒருவர் தம் மரத்தை மட்டும் காத்துப் பயனில்லை என்று கண்ட தீவினர், ஆடவர் அனைவரும் குறித்த நாளில் கூடி எலி வேட்டையாடும் வழக்கத்தை ஏற்படுத்தினர். சிலர் மரமேறிக் கொண்டையை உலுக்குவர். கீழே விழும் எலியை மற்றவர் தடியால் அடிப்பர். வாராதவருக்கு அபராதம் உண்டு. சங்கச் சட்டம் பிறப்பதற்கு முன்னரே இது நடைபெற்றது.

காய் உரித்த பின் மட்டை பெண்கள் கைக்கு வரும். குமரி மாவட்டத்தார் கதம்பை என்பார்களே, அதுவே. அதனைக் கழிக்கரை மணலில் பள்ளம் தோண்டிப் புதைத்து, அலை அடித்துச் செல்லாதபடி மேலே கற்களை ஏற்றி வைப்பர். கடல்நீர் ஏறியும் இறங்கியும் பல மாதங்கள் ஊற வைக்கும். பின்னர் எடுத்துத் தடியால் அடித்து, நாரைப் பிரித்து, உலர்த்தி, உள்ளங்கையால் திரிப்பர். உப்புநீரில் ஊறிய இந்த நார் நிறத்திலும் உறுதியிலும் பெயர் பெற்றது. இரும்பு ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய பழைய மரக்கலங்களுக்கு அது இன்றியமையாதது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி இக்கடலின் தீவுகளை இரு வகையாகப் பிரித்து, ஒன்றைச் சோழித் தீவுகள் என்றும் மற்றதைக் கயிற்றுத் தீவுகள் என்றும் குறித்திருக்கிறார்.

ஆடவர் வேலை மரமேறுதலும் மீன்பிடித்தலும் ஓடம் செலுத்துதலும் ஆகும். ஆனால் இவ்வேலைகள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. நிலமும் ஓடமும் உடையவர் கோயாக்கள், ஓடத்தை நடத்திச் செல்லும் மாலுமிகள் மால்மிகள், மரமேறுவோர் மேலாச்சேரிகள். மூவகையினரும் இஸ்லாமியரே, ஆயினும் மேலாச்சேரியின் உழைப்பு நிலமுடையாருக்குக் கட்டுப்பட்டதாய் நெடுங்காலம் இருந்தது. மரத்தைக் காத்து, காய் பறித்து, ஓடத்திலும் ஊழியம் செய்த அந்த நடப்புக் குடிகளுக்கு நிலத்தில் உரிமை கிடைக்க 1965ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது.

சொத்து முறையிலும் ஒரு புதுமை உண்டு. தாய்வழியே இறங்கும் தறவாட்டுச் சொத்துக்கு வெள்ளியாழ்ச்சைச் சொத்து என்று பெயர். அதனைத் தனி ஒருவர் விற்க இயலாது. ஒருவர் தாமே ஈட்டியது திங்களாழ்ச்சைச் சொத்து. அதனை அவர் தம் விருப்பப்படி செய்யலாம். பெண் மணமான பின்னரும் தாய்வீட்டிலேயே வாழ்வாள். கணவன் இரவில் அங்கே வந்து போவான். ஆடவர் மாதக்கணக்கில் கடலில் இருக்கும் ஊரில் வீடும் மரமும் பெண்கள் பேரில் நிலைத்திருந்தது நல்ல ஏற்பாடே என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி வாணிகத்திற்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்றில் ஓடங்கள் கடலில் இறங்கா. எஞ்சிய மாதங்களில் கயிற்றை ஏற்றிச் சென்று, ஆண்டு முழுமைக்கும் அரிசி கொண்டுவர வேண்டும். தீவுகளை ஆண்ட கண்ணனூர் அலி ராஜாவின் அரசு, 1765ஆம் ஆண்டையொட்டிக் கயிற்று வாணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிற்று. அதற்கு முன் கயிற்றை விரும்பிய துறையில் விற்றுவந்த தீவினர், அதன் பின் அரசின் கிடங்குக்கே கொண்டுசெல்லக் கடமைப்பட்டனர். அங்கே கயிற்றுக்கு விலை வைத்ததும், அதற்கு ஈடாகக் கொடுத்த அரிசிக்கு விலை வைத்ததும் ஒரே கை. நிறுக்கும் தராசும் அவர்களுடையது. பேரம் பேசிப் பொருளைத் திரும்ப எடுத்துச் செல்வோம் என்று சொல்வதற்கோ, பருவக்காற்று வரும் முன்னர் வீடு சேரவேண்டிய அவசரம் இடங்கொடாது. கழிக்கரையில் மட்டை அடித்த பெண்ணின் கூலி, அவள் காணாத கண்ணனூர்க் கிடங்கில் தீர்மானமாயிற்று.

வடபால் உள்ள அமினித் தீவினர் இதனைப் பொறாமல் எதிர்த்தெழுந்து திப்பு சுல்தானை அடைக்கலம் புகுந்தனர். 1787இல் அமினி முதலிய ஐந்து தீவுகள் மைசூர் ஆட்சிக்கு மாறின. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலக் கம்பெனியின் நேர் ஆட்சிக்கு வந்தன. கல்பேனியோ கண்ணனூர்ப் பீபியின் கீழேயே நின்றது. 1847ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின், கப்பப் பாக்கிக்காக ஆங்கிலேயர் இத்தென்தீவுகளைத் தம் கைக்கொண்டனர்; பின்பு திருப்பிக் கொடுத்தனர்; 1875இல் பாக்கிக்காகவே மீண்டும் கைக்கொண்டனர். ஆண்டவர் மாறினும் கயிற்றுக்கு அரிசி என்ற ஏற்பாடு மாறவில்லை. கொடுங்கோலர் இன்னார், நல்லவர் இன்னார் என்று இவர்களுக்குள் பிரித்துக் காட்ட நாம் முயலவில்லை. வாங்குவோர் ஒருவரே, விற்போரும் அவரே என்ற நிலைமை நீடிக்கும் வரை, நல்லவர் கையிலும் தராசு ஒரு பக்கமே சாயும்.

மத்திய ஆட்சி ஏற்பட்ட பிறகு, 1962ஆம் ஆண்டில் லட்சத்தீவுகளில் கூட்டுறவு இயக்கம் தொடங்கிற்று. வழங்கல் விற்பனைச் சங்கங்கள் தீவுதோறும் அமைந்தன. கொப்பரையைச் சேர்த்துக் கரையில் விற்பதும், அரிசி முதலியவற்றை வாங்கி வந்து அங்கத்தினருக்கு அளிப்பதும் அவற்றின் வேலை. பழைய கிடங்கு செய்ததும் ஏறத்தாழ இதுவேதான் என்று ஒருவர் கூறக்கூடும். வேறுபாடு, கணக்கேட்டைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதில் இருக்கிறது. கோழிக்கோட்டில் இருந்த ஆட்சித் தலைமையிடமும் 1964இல் கவரத்தித் தீவுக்கு வந்து சேர்ந்தது. கல்பேனிக்கு நார் ஆலை வந்தது. பனியன் ஆலை ஒன்றும் வந்தது. திருப்பூர் அன்பர்கள் இதனை ஆர்வத்துடன் கேட்பார்கள். இத்தீவுகளுள் பெண்மக்களை முதன்முதலில் பள்ளிக்கு அனுப்பியது கல்பேனியே என்ற பெருமையும் அதற்கு உண்டு.

கடலின் அச்சம் நீங்கிவிடவில்லை. 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒக்கிப் புயல் மினிக்காயையும் கல்பேனியையும் தாக்கித் தென்னைகளையும் வீடுகளையும் சேதப்படுத்திற்று. அதே புயலில் திசை தப்பிய குமரி மாவட்ட மீனவர் பலர் லட்சத்தீவுகளில் கரையேறி உயிர் தப்பினர். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளுத்து மடிந்தன. பவளப் பார் தேய்ந்தால் அலை நேரே கரைக்கு வரும், கரை அரிக்கும், மணலினடியில் உள்ள நன்னீரும் உப்பாகும். கிழக்குக் கரையில் 1847ஆம் ஆண்டின் கல்மேடு இன்னும் இருக்கிறது. பருவக்காற்று தொடங்குமுன் சங்கக் கிடங்குகளில் மழைக்கால அரிசியை இறக்கி வைப்பது இத்தீவுகளின் வழக்கம்.