வாடகை கூடலாம், வாசல் மூடலாமா?

திருவனந்தபுரம்: சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும், கரமனையில் ஓர் அறையில் குடும்பம் நடத்தும் குமாஸ்தாக்களுக்கும் மாதம் பிறந்தால் முதல் கவலை வாடகைதான். ஊரில் சொந்த வீடு இருந்தாலும் இங்கே நாம் குடியிருப்பவர்கள். ஆகவே வீட்டுக்காரரின் சொத்துரிமை பெரிதா, குடியிருப்பவரின் பாதுகாப்பு பெரிதா என்ற வழக்கு நமக்கு வெறும் ஏட்டு வழக்கு அல்ல.

கேரளத்தில் இதற்கு அடிப்படை 1965-ம் ஆண்டின் கட்டிடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது இரண்டு காரியம் செய்தது. ஒன்று, வாடகைக்கு வரம்பு கட்டியது. மற்றொன்று, குடியிருப்பவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாமல் தடுத்தது.

முதல் காரியம் நிலைக்கவில்லை. நியாய வாடகை பற்றிய பிரிவுகள் காலத்துக்கு ஒவ்வாதவை என்று 1995-ல் கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பம்பாயில் 1940 செப்டம்பர் வாடகையிலேயே நின்றுபோன சட்டத்தையும் இனி நியாயமானதாகக் கருத முடியாது என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது.

இதில் வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. சொத்துரிமை 1978-ம் ஆண்டுத் திருத்தத்தால் அடிப்படை உரிமை என்ற அந்தஸ்தை இழந்தாலும், சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு சொல்கிறது. வீட்டுக்காரர் எல்லோரும் செல்வந்தரும் அல்ல. வரி ஏறுகிறது, கொத்தனார் கூலி ஏறுகிறது. வாடகை மட்டும் ஏறாவிட்டால் மராமத்து நின்றுவிடும். கூரை ஒழுகினால் நனைவது நாம்தான்.

ஆனால் இரண்டாவது காரியத்தை விட்டுக்கொடுக்க முடியாது. வாடகை பாக்கிக்காக வழக்குப் போடுமுன் வீட்டுக்காரர் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கிடைத்த 15 நாளில் பாக்கியை 6 சதவீத வட்டியுடனும் தபால் செலவுடனும் கட்டிவிட்டால் அந்த வழக்குக்கு இடமில்லை. சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்றால் அந்தத் தேவை உண்மையானது என்று காட்ட வேண்டும். கடைக்காரருக்கு இன்னும் ஒரு காவல் உண்டு. அந்தக் கடை வருமானத்தையே பெரிதும் நம்பியிருக்கிறார், வட்டாரத்தில் வேறு தகுந்த இடமில்லை என்றால், சொந்த உபயோகம் என்ற காரணத்துக்காக அவரை வெளியேற்ற முடியாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தித் துரத்துவதற்கும் தடை உண்டு.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. மத்திய மந்திரிசபை 2021 ஜூனில் ஒப்புக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் 2 மாதம் இரட்டை வாடகையும், பிறகு நான்கு மடங்கும் தர வேண்டும். தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் புதுச் சட்டம் நடக்கிறது. மாதிரிச் சட்டத்தை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம்.

நமக்கு வேண்டியது சலுகை வாடகை அல்ல. விலைவாசிக்கு ஏற்ப வாடகை கூடட்டும். சம்பளத்தில் சிக்கனம் பிடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் வருஷ நடுவில் பள்ளிப் பிள்ளைகளோடு வீடு தேடி அலைய முடியாது. வாடிக்கையாளர் பழகிய கடையை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோகவும் முடியாது. வெளியூர்க்காரனுக்கு வாடகைக் குறைப்பைவிட நிலைத்திருப்பதே பெரிது.

சட்டம் எப்படி மாறினாலும், கையில் காகிதம் இல்லாதவனுக்கு வழக்கு கடினம். நம்மவர்களில் பலர் பழக்கத்தை நம்பி, ரசீது கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். மாதா மாதம் ரசீது வாங்குங்கள். இல்லையேல் வங்கி மூலமே செலுத்துங்கள். மலையாளத்தில் எழுதிய ஒப்பந்தமானால், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, குத்தகையா லைசென்ஸா என்று கேட்டறிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வஞ்சியூர் கோர்ட்டில் ஏற நேர்ந்தால், நாம் எத்தனை வருஷம் நல்லபடியாக இருந்தோம் என்பதற்கு அந்தத் துண்டுக் காகிதங்கள்தான் சாட்சி.