கூட்டாளி சொன்னால்தான் தெரியும்

மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குக் கடல் என்பது வேலை பார்க்கும் இடம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பெரியவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் பேசுவார்கள். "கடல்ல என்னடா விளையாட்டு?" என்று அவர்கள் கேட்டால் அது வெறும் கோபமில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் சுனாமியைப் பார்த்தவர்கள் அவர்கள். கடலோடு விளையாடக் கூடாது என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

அந்தப் பெரியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று செங்கல்பட்டு மாவட்டக் கரையை இந்திய அலைச்சறுக்கு விளையாட்டின் முக்கியமான இடமாக்கியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் போட்டி முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது நடந்த இடம் மாமல்லபுரம். அதற்கு முந்தைய ஆண்டு மாலத்தீவில் நடந்த அதே போட்டியில் இந்தியா குழுப் பிரிவில் வெள்ளி வாங்கியது. அந்த நால்வர் குழுவில் கமலி, அஜீஷ் அலி, ஸ்ரீகாந்த், சஞ்சய் செல்வமணி இருந்தார்கள். தமிழ்நாட்டுக் கரையில் அலையேறிப் பழகிய பிள்ளைகள்.

இவர்களில் யாரையும் பள்ளிக்கூடத்தில் 'திறமை கண்டறியும்' தேர்வு வைத்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தக் கரையின் விளையாட்டே கூட்டாளிகளோடு கடலுக்குப் போனதில் வளர்ந்தது.

கோவளத்து மூர்த்தி மேகவனின் கதை இதற்குப் பொருத்தமான உதாரணம். மீனவர் குடும்பம், சின்ன வயதிலேயே கடல் தொழில். குப்பத்துப் பையன்கள் எல்லோரையும் போல அவரும் கையில் கிடைத்த மரப்பலகையை வயிற்றுக்கடியில் வைத்து அலையில் கரைக்கு வழுக்கி வந்து விளையாடியவர். முறையான அலைச்சறுக்குப் பலகையை அவர் முதலில் தொட்டது, அங்கே வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் இரவல் கேட்டு வாங்கியபோதுதான். பிறகு காசு சேர்த்துத் தனக்கென ஒரு பலகை வாங்கினார். ஒரே பலகை, சுற்றிலும் ஒரு கூட்டம் பையன்கள். ஆளுக்கொரு அலை என்று முறைவைத்து ஏறினார்கள். ஒருவன் அலையில் இருக்கும்போது மற்றவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். பலகை பற்றாக்குறை என்பது வறுமைதான். ஆனால் அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒவ்வொருவனையும் மற்ற எல்லோரும் கவனித்தார்கள்.

இது சின்ன விஷயமில்லை. அலையில் நிற்பவனுக்குத் தன் உடம்பு தெரியாது. படுத்துக் கையால் துழாவிப் போகும்போது பின்னாலிருந்து அலை பலகையைத் தூக்கும். தூக்கும் அந்த ஒரு நொடியில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து, முன்னங்காலைக் கொண்டுபோய் நடுப்பலகையில் வைக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. விழுந்த பிறகு எதனால் விழுந்தோம் என்று விழுந்தவனுக்கே புரியாது. உப்புத் தண்ணீரை மூக்கிலிருந்து சிந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தால், கரையிலிருந்து ஒருவன் கத்துவான்: "டேய், கீழ பாக்காத! கரையப் பாரு! முட்டிய மடக்கு!" அடுத்த அலையில் முட்டியை மடக்குகிறான், நிற்கிறான். அவ்வளவுதான் பாடம். கோச்சிங் சென்டரில் காசு கொடுத்து வாங்குவதைக் கூட்டாளி சும்மா கொடுத்துவிடுகிறான், இரண்டு வசவோடு சேர்த்து.

நாம் செய்வதில் நமக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு, அது நம்மோடு இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்பதை 1955-இல் அமெரிக்காவில் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சதுரம் வரைந்து காட்டினார்கள். 'ஜோஹாரி ஜன்னல்' என்று அதைச் சொல்வார்கள். நான்கு கட்டங்கள். நமக்கும் தெரிந்து பிறருக்கும் தெரிந்தது ஒரு கட்டம். நமக்கு மட்டும் தெரிந்தது ஒன்று. யாருக்குமே தெரியாதது ஒன்று. மீதமுள்ள கட்டம், பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது. அந்தக் கட்டத்தில் குறைகள் மட்டுந்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பலங்களும் அங்கேதான் கிடக்கின்றன. ஏனென்றால் ஒருவருக்கு எது சுலபமாக வருகிறதோ, அதை அவர் திறமை என்றே கணக்கில் எடுப்பதில்லை. "இதுல என்ன இருக்கு, எல்லாரும் செய்றதுதானே" என்று தள்ளிவிடுவார். அதைச் செய்யத் தெரியாத கூட்டாளிதான் வாயைப் பிளந்து பார்ப்பான்.

மீனவப் பிள்ளைகளின் விஷயத்தில் இது கண்கூடு. நகரத்திலிருந்து வந்து அலைச்சறுக்குப் பழகுகிறவர்களுக்கு முதலில் சிரமமாக இருப்பது பலகையில் நிற்பதைவிடக் கடலைப் புரிந்துகொள்வது. எந்த அலை உடையும், எது உடையாமல் போகும், எங்கே தண்ணீர் உள்ளே இழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிடிபடச் சில மாதங்கள் ஆகும். குப்பத்துப் பையனுக்கு அது நடக்கப் பழகும்போதே வந்துவிட்டது. தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி. விடியலில் நிலத்திலிருந்து கச்சான் காற்று வீசினால் அலை சீவிவிட்டதுபோல நேராக எழும். வெயில் ஏறி, கடல்காற்று திரும்பியதும் தண்ணீர் கலங்கி அலை குழம்பிவிடும். அதனால்தான் அலைச்சறுக்குக்காரர்கள் எல்லோரும் அதிகாலையில் இறங்குகிறார்கள். இந்தக் காற்றுக் கணக்கெல்லாம் பரீட்சையில் மதிப்பெண் வாங்கித் தந்ததில்லை. கடலறிவு ஓர் அறிவு என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவந்ததே, பலகையோடு வந்து பக்கத்தில் நின்றவர்கள் "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது இந்த அலை வரும்னு?" என்று கேட்டபோதுதான்.

2012-இல் கோவளத்தில் மூர்த்தி ஒரு அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். தொழிலதிபர் அருண் வாசு, சென்னையில் இசைத் துறையில் இருந்த இஸ்ரேல்காரர் யோதாம் ஆகம் இருவரும் துணையாக நின்றார்கள். இருவருமே அலை தேடி அந்தக் கரைக்கு வந்து பழக்கமானவர்கள். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. நிபந்தனை உண்டு: பள்ளிக்கூடம் போக வேண்டும், குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. வெளியூர்க்காரர்கள் பணம் கொடுத்துப் பழகுவார்கள், அந்த வருமானத்தில் ஊர்ப் பிள்ளைகள் இலவசமாகப் பழகுவார்கள் என்பது ஏற்பாடு.

ஒரே கூட்டத்துக்குள் ஆளாளுக்கு வேறு வேறு பலம் வெளிப்பட்டதுதான் இந்தக் கதையில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். மூர்த்திக்குக் கைவந்தது கற்றுக்கொடுப்பது. அதே கோவளத்தைச் சேர்ந்த சேகர் பச்சைக்குக் கைவந்தது வேறு. பலகையில் நின்றுகொண்டே நீண்ட துடுப்பால் வலித்துப் போகும் பிரிவில் அவர் தேசியச் சாம்பியனானார், இந்தியாவுக்காக உலகப் போட்டிக்கும் போனார். கட்டுமரத்தில் முட்டி போட்டுத் துடுப்பு வலித்த பரம்பரைக்கு அந்தப் பிரிவு பொருந்தியதில் வியப்பில்லை. அலையேறப் பழகிய இளைஞர்களில் சிலர் பயிற்சியாளர்கள், சிலர் உயிர்காப்பாளர்கள், சிலருக்குப் பலகை உடைந்தால் ஃபைபர் ஒட்டிச் சரிசெய்வதில் கை நன்றாக ஓடும். படகுக்கு ஃபைபர் ஒட்டிப் பழகிய கைதானே! எல்லோரும் சாம்பியனாகிவிடவில்லை. ஆக வேண்டியதும் இல்லை.

உளவியல் உலகில் பலங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் வெளியிட்ட நூலில் 24 குணபலங்கள் உண்டு. ஆர்வம், துணிவு, கனிவு, நகைச்சுவை, விடாமுயற்சி என்று போகும். கேள்வித்தாளை நிரப்பினால் உங்கள் முதல் ஐந்து எவை என்று கணினி சொல்லிவிடும். அது உதவும்தான். ஆனால் கேள்வித்தாளில் நாமே நமக்கு மதிப்பெண் போடுகிறோம். கடலுக்குள் அப்படிப் போட முடியாது. பயந்தவன் யார் என்றும், கீழே விழுந்த சின்னப் பையனை முதலில் திரும்பிப் பார்த்தவன் யார் என்றும், நாலு பேர் சோர்ந்து கரையேறியபோது இன்னொரு அலை என்று உள்ளே நீந்தியது யார் என்றும் கூட இருப்பவர்களுக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு அவ்வளவு சுலபமாக அமைவதில்லை. பையன் விடிகாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் "எங்கடா" என்ற ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். பெண்ணுக்குப் பத்துக் கேள்வி. நனைந்த உடை, கறுத்துப்போகும் முகம், ஊர்ப் பேச்சு எல்லாம் குறுக்கே வரும். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி அந்தத் தடைகளுக்கு நடுவே சின்னஞ்சிறு வயதில் ஸ்கேட்போர்டில் ஏறியவள். கவுன் போட்ட சிறுமி வெறுங்காலோடு சரிவில் இறங்கும் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் அதைப் பகிர்ந்தார். அவளையும் தனியாக நின்று வளர்த்த அவள் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பிறகு அவள் கடலுக்குள் இறங்கினாள், தேசியப் பட்டங்கள் வாங்கினாள். வீட்டில் ஒருவர் "போய்ட்டு வா" என்றதும், கரையில் நான்கு பேர் ஒதுங்கி இடம் விட்டதும் இல்லாமல் இது நடந்திருக்காது.

கடலுக்கு அப்பால் இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பேயிலும் இதே கதை. பையன்கள் அலையேறிய கரையில் உள்ளூர்ப் பெண்கள் பார்வையாளர்களாக மட்டும் இருந்தார்கள். தனியாக ஒரு பெண் இறங்கினால் பேச்சு வரும் என்பதால் சேர்ந்து இறங்கினார்கள். 2018-இல் அங்கே இலங்கையின் முதல் பெண்கள் அலைச்சறுக்குச் சங்கம் உருவானது. சேர்ந்து போனதால் வீட்டிலும் விட்டார்கள், பயமும் குறைந்தது.

போட்டியில் மதிப்பெண் போடும் முறையைக் கேட்டால் இன்னொன்று புரியும். ஓர் அலைக்கு அதிகபட்சம் 10 மதிப்பெண். ஒரு சுற்றில் எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டு மட்டும் கணக்கு. மீதியில் விழுந்ததை யாரும் கழிப்பதில்லை. மாமல்லபுரத்தில் 2025-இல் ரமேஷ் பூதிஹாள் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வாங்கினாரே, அதுவும் இந்தக் கணக்கில்தான். ஆசியப் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தனிநபர்ப் பதக்கம் அது. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் கணக்கு தலைகீழ். ஐந்து பாடத்தில் நான்கில் நன்றாக வந்த பிள்ளையிடம் ஐந்தாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே கடலுக்குள் இறங்கிவிடக் கூடாது. மாமல்லபுரக் கரையில் சுற்றுலா வந்து குளிக்க இறங்கியவர்கள் இழுத்துச் செல்லப்படும் செய்தி அடிக்கடி வருகிறது. முதலில் நீச்சல். பிறகு பயிற்சியாளரோடு, இடுப்பளவுத் தண்ணீரில், மென்மையான பெரிய பலகையில், கணுக்காலில் கயிறு கட்டிக்கொண்டுதான் தொடக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கொந்தளிப்பில் புதியவர்களுக்கு வேலையில்லை. கோவளத்தின் ஒரு பகுதி 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்ற கடற்கரை. உயிர்காப்பாளர்கள் இருக்கும் அதுபோன்ற இடம்தான் குடும்பத்தோடு போக ஏற்றது.

கடல்தான் வேண்டும் என்பதுமில்லை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரையில் சாயங்காலம் கிரிக்கெட் ஆடும் கூட்டத்திலும் இதுதான் நடக்கிறது. திருக்கழுக்குன்றம் திருவிழாவில் பந்தல் வேலைக்கு ஓடும் பையன்களிடமும், மாமல்லபுரத்தில் கல் பட்டறைக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேலி பேசும் சிற்பி இளைஞர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஒருவன் கணக்கு வைப்பான், ஒருவன் சண்டையை விலக்குவான், ஒருவன் எந்த ஊருக்குப் போனாலும் தங்க இடம் பிடிப்பான். யார் எதில் கெட்டி என்று அவர்களுக்குள் தெளிவாகத் தெரிந்திருக்கும். அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்திருக்காது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "அந்தப் பசங்களோட என்ன சுத்தல்?" என்று கேட்பதற்கு முன்னால், வீட்டுக்கு வரும் அந்தப் பசங்களை உட்கார வைத்து ஒரு காபி கொடுங்கள். உங்கள் மகனோ மகளோ அந்தக் கூட்டத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். மதிப்பெண் பட்டியலில் இல்லாத பதில் ஒன்று வரும். பிளஸ் டூ முடிந்து என்ன படிக்க வைப்பது என்று குழம்பும்போது அந்தப் பதிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.