முதிர்ந்த கொக்கோத் தோட்டங்களைப் புதுப்பித்தல்: கானா நாட்டுக் கமக்காரர் அனுபவம்

நெற்செய்கையாளர் ஒருவர் புதிய இனமொன்றைப் பரீட்சித்துப் பார்க்க விரும்பினால், வயலின் ஒரு மூலையில் அதனை விதைத்து நான்கு மாதங்களுள் பலனைக் கண்டுகொள்ளலாம். முயற்சி தவறினால் இழப்பது ஒரு போகமே. காலபோகத்தில் நேர்ந்த நட்டத்தைச் சிறுபோகத்தில் ஓரளவேனும் ஈடுசெய்யவும் இடமுண்டு. கத்தரி, மிளகாய் முதலியன செய்வோரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆனால், கொக்கோ செய்பவர் பழைய மரத்தைத் தறித்துப் புதுக்கன்றை நாட்டுவாராயின், முதற் காயைக் காண்பதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அதுவரை அந்நிலத்திலிருந்து கொக்கோ வருமானம் சிறிதும் இல்லை. நல்ல முறைகளைக் கமக்காரர் ஏற்பதில்லை என்று குறைகூறுமுன் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும்.

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானாவில் கொக்கோ பெருந்தோட்டப் பயிரன்று. ஒருசில ஏக்கர் நிலமுடைய குடியானவரின் பயிராகும். 1879 ஆம் ஆண்டில் தெத்தே குவாஷி என்பவர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகளோடு இச்செய்கையின் வரலாற்றைத் தொடங்குவது அந்நாட்டு வழக்கம். 1911 ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாக அது உயர்ந்துவிட்டது. அந்நாட்டுக் கமக்காரர் தூர இடங்களுக்குச் சென்று, கூட்டாகப் பணஞ் சேர்த்துக் காடு வாங்கித் தோட்டம் உண்டாக்கினர் என்பதைப் பொலி ஹில் என்னும் ஆராய்ச்சியாளர் 1963 இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். எனவே, புதுமைக்கு அஞ்சும் மக்கள் என்று அவர்களைக் கூறுதல் பொருந்தாது.

கொக்கோ மரம் இருபத்தைந்து முப்பது வயதைக் கடந்தபின் பொதுவாக விளைவு குன்றுகின்றது. நிழல் மரங்கள் அழிந்து, மண்ணின் வளமுங் குறைந்து, பூச்சியும் நோயும் மலிந்திருக்கும். இதற்குக் கானாக் கமக்காரர் நெடுங்காலம் கைக்கொண்ட பரிகாரம் எளியது. பழைய தோட்டத்தை விட்டுப் புதுக்காட்டைத் தேடிச் சென்றனர். கிழக்கிலிருந்து அசாந்திக்கும், அங்கிருந்து மேற்குப் பகுதிக்குமாகக் கொக்கோ இடம்பெயர்ந்தது. காடு வெட்டிய நிலத்தில் களை குறைவு, ஈரம் மிகுதி, இலைமக்கு நிறைய உண்டு. பழைய நிலத்திலே மீள நடுவதற்கு வேண்டிய உழைப்பில் ஒரு பங்கே அங்கு போதும். கணக்கறிந்த எவரும் அதனையே செய்வர். இன்றோ ஒதுக்கக் காடுகளைத் தவிர வேறு காடு அரிதாகிவிட்டமையால் அவ்வழி அடைபட்டுவிட்டது.

புதுப்பிக்கும் முறைகள் பல. முழுத் தோட்டத்தையும் தறித்து மீள நடலாம். ஆண்டுக்கு ஒரு பகுதியாகத் தறித்து நடலாம். பழைய மரங்களின் கீழே கன்றுகளை நாட்டி, அவை தலையெடுக்கும்போது மேலுள்ளவற்றைப் படிப்படியாக நீக்கலாம். இம்முறையில் வருமானம் ஒரேயடியாக நின்றுபோகாது. ஆயினும் பழைய வேர்களோடு போட்டியிடும் கன்றுகள் மெலிந்தே வளரும். மரம் நோயற்றிருந்து, வேரும் உறுதியாயிருப்பின், அடிமரத்தைத் தாழத் தறித்து அதிலிருந்து நிமிர்ந்தெழும் நற்றளிரை வளர்த்தெடுக்கலாம். அன்றேல், நல்லின மரத்தின் கிளைத்துண்டை அடிமரத்தின் பக்கத்தில் ஒட்டலாம். பக்க ஒட்டு இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே காய்க்கத் தொடங்கும். ஒட்டுக் கிளை காய்க்கும்வரை பழைய முடியையும் வைத்திருக்கலாம். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலே இம்முறை கமக்காரரிடையே நன்கு பரவியமைக்கு இவ்வசதியே ஒரு முக்கிய காரணம்.

ஆனால், கானாவின் பல பகுதிகளில் இவ்வெளிய முறைகள் உதவா. 1936 ஆம் ஆண்டில் அங்கு இனங்காணப்பட்ட தண்டு வீக்க நோய் ஒரு வைரசினால் உண்டாவது. வெண்மூட்டுப்பூச்சிகள் அதனை மரத்துக்கு மரம் பரப்புகின்றன. நோயுற்ற அடிமரத்தில் எத்தகைய நல்லினத்தை ஒட்டினாலும் வைரசு ஒட்டுக்கும் ஏறும். தறித்த கட்டையின் தளிரும் நோயுடனேயே எழும். மரத்தை அறவே நீக்குவதன்றி வேறு வழியில்லை.

இவ்வுண்மையை அரசாங்கம் கமக்காரருக்கு அறிவித்த விதந்தான் பெருந்தவறாயிற்று. நோயுற்ற மரமும் சில காலம் காய்க்கும். காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை உத்தியோகத்தர் ஆட்களோடு வந்து வெட்டும்போது உடையவர் மனம் என்ன பாடுபடும்? கோல்ட் கோஸ்ட் என அந்நாடு வழங்கிய அக்காலத்தில், 1940களின் பிற்பகுதியிலே, கட்டாயமாக மரம் வெட்டியமை மக்களின் கடுஞ் சினத்தைக் கிளப்பியது. 1948 ஆம் ஆண்டின் குழப்பங்களை விசாரித்த வாட்சன் ஆணைக்குழு, மக்களின் மனக்குறைகளுள் இதனையும் ஒன்றாகக் குறிப்பிட்டது. அவ்வாண்டிலேயே வெளிநாட்டு விஞ்ஞானிகள் அடங்கிய குழுவொன்று ஆராய்ந்து, வெட்டுதலே பரிகாரம் என உறுதிப்படுத்திற்று. விஞ்ஞானம் சரியாகவே இருந்தது. எனினும், அடுத்த ஐந்தாண்டுக்கு அக்குடும்பம் எதனை உண்ணும் என்னும் வினாவுக்கு விஞ்ஞானத்தில் விடையில்லை. அன்று தொடங்கி இதுவரை வெட்டப்பட்ட மரங்கள் 20 கோடிக்கு மேல். நோய் இன்னும் ஒழியவில்லை.

இதற்கு மாறானதொரு செய்தியும் உண்டு. தாபோ ஆராய்ச்சி நிலையம் கலப்பினக் கன்றுகளை வெளியிட்டபோது, பலர் அவற்றைத் தாமே விரும்பிப் பெற்றனர். பழைய அமெலொனாடோ இனம் காய்க்க ஐந்தாண்டுக்குக் குறையாது. கலப்பினமோ மூன்றாம் ஆண்டளவிலே காய்த்தது. பசளையும் பராமரிப்பும் கூடுதலாக வேண்டும் என்னுங் குறையிருந்தும், காத்திருக்கும் காலம் குறைந்தமையே அவர்களைக் கவர்ந்தது.

காத்திருத்தலினும் பெரிய தடை காணியுரிமையிற் கிடக்கின்றது. கானாவிலே பெருந்தொகையான கொக்கோ நிலம் வாரத்துக்கு விடப்பட்டதாகும். 'அபுனு' எனும் முறையில் காடு வெட்டித் தோட்டம் உண்டாக்கியவர் பாதிப் பங்கு பெறுகின்றார். 'அபுசா' முறையில் பராமரிப்பவருக்கு மூன்றிலொன்று. பல இடங்களில், நிலத்திலே கொக்கோ மரம் நிற்கும் வரைக்குமே வாரக்காரரின் உரிமையும் நிற்கும் என்பது வழக்கு. மரத்தை வெட்டினால் காணிச் சொந்தக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது புதிய நிபந்தனை விதிக்கலாம். அத்தகையவரிடம் சென்று ஏக்கருக்கு நானூற்று முப்பத்தைந்து கன்று வீதம் பத்தடி இடைவெளியில் மீள நடுக எனப் போதிப்பதால் யாது பயன்? முதிர்ந்து விளைவு குன்றிய மரமே அவருடைய காணியுறுதியாய் நிற்கின்றது.

எமது நாட்டில் வாரத்துக்கு வயல் செய்தோருக்கு இக்கவலை புதிதன்று. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வாரக்குடிகளுக்குப் பாதுகாப்பளிக்க முற்பட்டதன் காரணமும் இதுவே. அவ்வாறே, 1953 ஆம் ஆண்டின் இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டமும், முதிர்ந்த மரத்தைத் தறிப்பவர் வெறுங்கையோடு காத்திருத்தலாகாது என்னும் எண்ணத்தினின்று பிறந்தது.

அண்மைக் காலத்திற் கானா அரசாங்கம் நடத்திவரும் புதுப்பித்தற் திட்டத்திலே இப்பாடம் ஓரளவு உணரப்பட்டுள்ளது. 2020 இல் மேற்கு வடக்குப் பிரதேசத்திலும் கிழக்குப் பிரதேசத்திலும் ஆரம்பித்த இத்திட்டத்தின்படி, நோயுற்ற தோட்டத்தை வெட்டி மீள நடும் வேலையை அரசாங்கமே ஏற்று, இளங் கன்றுகளைச் சில காலம் பராமரித்தபின் உரியவரிடம் ஒப்படைக்கின்றது. நட்டஈடு காணிச் சொந்தக்காரருக்கும் வாரக்காரருக்கும் தனித்தனியே வழங்கப்படுகின்றது. இருவரும் இணங்கினாலன்றி மரம் விழாது என்பதை நிர்வாகத்தினர் அறிந்துகொண்டனர் போலும்.

நடுகை முறையிலும் குடும்பத்தின் உணவு கருதப்படுகின்றது. வாழை முதலில் நடப்படும். அதனிடையே சேம்பும் இடம்பெறும். தென் கானாவிற் பெருமழை ஏப்பிரில் முதல் யூலை வரை பெய்யும். மே, யூன் மாதங்களில் நட்ட கன்று, திசெம்பரில் வீசத் தொடங்கும் வறண்ட வடகாற்றைத் தாங்கவேண்டுமாயின், அதற்குமுன் வாழை நிழல் கொடுக்குமளவுக்கு வளர்ந்திருத்தல் வேண்டும். அவ்வாழை பிந்தினால் கன்றும் கருகும், அவ்வாண்டுச் சமையலுக்குக் காயும் இராது. ஆதலால், பழைய மரத்தில் கோடரி வைக்குமுன் வாழைக் குட்டிகளைத் தேடி வைத்துக்கொள்ளுமாறே அங்குள்ள அனுபவமிக்க கமக்காரர் முதலிற் கூறுவர்.