அம்மா பெயரில் எடுத்த புத்தகம்

எண்பதுகளில் ஓரளவு பெரிய ஊர் என்றால், கடைத்தெருவில் ஒரு வாடகை நூல் நிலையம் இருக்கும். சின்ன அறை, கூரை வரை பைண்டு செய்த புத்தகங்கள், வாசலில் ஒரு ஸ்டூல். முன்பணம் கட்டிச் சேர வேண்டும். புத்தக விலையில் ஒரு சிறு பங்கு வாடகை; தேதி தாண்டினால் கூடுதல் காசு. கணக்கு பெரும்பாலும் அம்மா பெயரில்தான். போய் எடுத்து வருவது பிள்ளைகள். "அண்ணே, அம்மா ரமணிசந்திரன் கேட்டாங்க" என்று வாங்கிய நாவலில் பாதி, வீடு வந்து சேர்வதற்குள் முடிந்திருக்கும்.

பன்னிரண்டு வயது வரை கவலை இல்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இருந்தது. 1972-இல் கோகுலமும், இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸும் வந்தன. 1984-இல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. வாண்டுமாமா இருக்கும்வரை கதைக்குப் பஞ்சமில்லை. பதின்மூன்றில்தான் தரை நழுவும். மந்திரவாதிகள் சலித்துவிடுவார்கள், அடுத்து என்ன என்று சொல்ல யாரும் இல்லை. அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் பள்ளியில் படிக்கும்போதே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வெளியாகி, அந்த வயதுக்கென்றே ஒரு இலக்கியம் தழைக்க வழிவிட்டது. தமிழில் அப்படி ஒரு அலமாரி இல்லை.

எனவே பிள்ளைகள் பெரியவர்களின் அலமாரியில் கைவைத்தார்கள். கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனைப் பாட்டி பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்டு செய்து வைத்திருப்பார், அதில் தொடங்கும். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல், சுஜாதாவின் கணேஷ், வசந்த். 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி, விகடன் வாங்கிய வீடுகளில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இடையே சண்டை மூட்டியது. இவற்றில் எதுவும் பதினாலு வயதுக்காரரை மனதில் வைத்து எழுதியது அல்ல. பாதி புரியும், மீதியைக் கற்பனை நிரப்பும்.

படிப்பதற்கு நேரம் திருட வேண்டியிருந்தது. இயற்பியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைப்பது பழைய தந்திரம்; எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த தந்திரமும் அதுவே. அரைப் பரீட்சை வந்தால் கதைப் புத்தகம் பரணுக்குப் போகும். வாடகைப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் இருக்காது. இருந்தால், நமக்கு முன் படித்த புண்ணியவான் பதினைந்தாம் பக்க ஓரத்திலேயே "கொலைகாரன் மானேஜர்" என்று பேனாவால் எழுதியிருப்பான். இத்தனையும் தாண்டி படித்தவர்கள்தான் வாசகர்கள் ஆனார்கள்.

தொண்ணூறுகளில் தனியார் தொலைக்காட்சி வந்தது. வாடகை நூல் நிலையங்கள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடையாகவும் செல்போன் கடையாகவும் மாறின. அம்புலிமாமா நின்றுபோனது.

ஆனால் அன்று இல்லாத அந்த அலமாரி இன்று இருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', அன்றைய வீடுகளில் யாரும் வாய் திறக்காத பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளிடமே பேசுகிறது. 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. கீழடியைக் கதைக்களமாக்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' அதே விருதை 2023-இல் பெற்றது. இளையோர் நாவல் என்று அட்டையிலேயே அச்சிடுகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேன்சிட்டு என்ற இதழ் வருகிறது. இவை அன்றைக்குக் கிடைத்திருந்தால் பலருடைய பதின்பருவம் கொஞ்சம் குறைவான குழப்பத்தோடு கழிந்திருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். புத்தகக் காட்சியில் இந்த நூல்கள் விற்கும் அரங்கில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். புரட்டுவது அப்பா, பின்னட்டையைப் படிப்பது அம்மா, "இதுல நல்ல கருத்து இருக்கா?" என்று விற்பவரிடம் கேட்பதும் அவர்களே. பிள்ளை பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறது. அன்று அம்மா பெயரில் பிள்ளை எடுத்தது. இன்று பிள்ளை பெயரில் அம்மா எடுக்கிறார். நல்ல புத்தகம்தான், ஆனால் வாங்கும்போதே பாடநூலின் வாசனை ஏறிவிடுகிறது. அதே பிள்ளை இரவில் போனில் வாட்பேடிலோ பிரதிலிபியிலோ யாரும் சிபாரிசு செய்யாத காதல் கதையை அத்தியாயம் அத்தியாயமாக விழுங்குகிறது. பதின்பருவ வாசிப்பு சாகவில்லை, பெரியவர்கள் பார்க்காத இடத்துக்குக் குடிபோயிருக்கிறது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

பதினாலு வயதில் மோசமான புத்தகத்தைத் தானே எடுத்து, ஏமாந்து, திருப்பிக் கொடுத்து வேறு எடுத்ததில்தான் அந்தத் தலைமுறைக்கு ருசி பிறந்தது. இன்றைய எழுத்தாளர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். பெற்றோர் செய்ய வேண்டியது எளிது: அடுத்த புத்தகக் காட்சியில் பிள்ளை கையில் முந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, நீங்கள் டெல்லி அப்பளக் கடைக்குப் போங்கள். என்ன வாங்கினாய் என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.