ரோட்டில் உட்கார்ந்தது குப்பம். ஆலைக்கு விழுந்தது பூட்டு!

எண்ணூர்: 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. பெரியகுப்பம் மக்கள் மூச்சு முட்டி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்திருந்தது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

விடிந்ததும் ஜனங்க ரோட்டை மறித்தனர். அமைச்சர், அதிகாரிகள் ஓடி வந்தனர். ஆலையை நிறுத்த உத்தரவு வந்தது.

அதோடு கலைந்திருந்தால் விஷயம் ஆறிப்போயிருக்கும். மீனவ கிராமங்கள் ஒன்றுசேர்ந்து வாரக்கணக்கில் உட்கார்ந்தன. பசுமைத் தீர்ப்பாயமும் தானாகவே வழக்கு எடுத்தது. துறைகளின் தடையில்லாச் சான்று வாங்காமல் ஆலையைத் திறக்கக் கூடாது என 2024 மே மாதம் சொல்லிவிட்டது.

தீர்ப்பாயம் தானாக வராவிட்டால்? நாமே போகலாம். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும். இதைக் கோட்டை விட்டுடக் கூடாது.

எண்ணூர் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் கலப்பதை எதிர்த்து, காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் 2016ல் இங்கேதான் வழக்குப் போட்டார். சாம்பலை அகற்றிச் சீரமைக்கச் சொல்லி 2022ல் உத்தரவு வந்தது. ஆறு வருஷம்!

உத்தரவு என்னாச்சுன்னு கேட்கணுமா? இருக்கவே இருக்கு தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தந்தாகணும்.