உஷார்! ‘தானா வரும்’ என்று காத்திருக்கும் அம்மாக்களே...

மாதம் தவறாமல் மூன்று நாலு நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள் பிள்ளை. 14 வயது முடிந்துவிட்டது. இன்னும் வயசுக்கு வரவில்லை. “வரப்போகுதுன்னு அர்த்தம், சூட்டு வலிதான்” என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறாள் ஆச்சி. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு முதலில் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை அங்கே ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

ஏன் இந்த அவசரம்? அவளுக்கு மாதவிலக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கலாம். வெளியே வர வழி இல்லாமல் இருக்கலாம். யோனி வாயில் இருக்கும் மெல்லிய சவ்வில் திறப்பே இல்லாமல் சிலர் பிறக்கிறார்கள். வேறு சிலருக்குப் பாதையின் குறுக்கே தடுப்பு இருக்கும். கர்ப்பப்பை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ரத்தம் உள்ளேயே தேங்குகிறது. மாதத்துக்கு மாதம் சேர்ந்து, அடிவயிறு கனத்து, மூத்திரப்பையை நெருக்கி, ஒரு நாள் மூத்திரமே பிரியாமல் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடவைக்கும். அந்த ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் கசிந்தால் பின்னாளில் பிள்ளைப்பேறு வரை பாதிக்கலாம். சவ்வு மட்டும்தான் மூடியிருக்கிறது என்றால், அதைத் திறந்துவிடும் சின்ன அறுவை சிகிச்சையோடு பிரச்சினை தீர்ந்தது.

‘கன்னித்தன்மை போய்விடுமே’ என்று இந்தச் சின்ன அறுவையைத் தள்ளிப்போடுகிற பெற்றோர் உண்டு. பிள்ளையின் கர்ப்பப்பையைப் பணயம் வைத்துக் காப்பாற்றும்படி அந்தச் சவ்வில் என்ன இருக்கிறது? கல்யாணத்தில் கேள்வி வரும் என்ற பயம் இருந்தால் டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுவையை மட்டும் தள்ளாதீர்கள்.

நம் திருவனந்தபுரத்தில் மாதவிலக்கைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறார்கள். பூஜப்புரையில் தலைமையகம் வைத்திருக்கும் எச்.எல்.எல். நிறுவனம் ‘திங்கள்’ என்று பெயரிட்டு மாதவிலக்குக் கப்பையே ஊர் ஊராகக் கொண்டு போகிறது. பள்ளியில் வகுப்பெடுக்கிறார்கள், ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து கேட்கிறார். ஆனால் இந்தப் பேச்சு எல்லாமே வந்தவர்களுக்கானது. வராத பிள்ளையிடம் யார் பேசுகிறார்கள்? வலியசாலையிலும் கரமனையிலும் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனால் “இன்னும் ஆகலையா?” என்று தமிழில் ஒருத்தி கேட்பாள். பக்கத்து வீட்டுச் சேச்சி “வயஸ்ஸறியிச்சோ?” என்று மலையாளத்தில் கேட்பாள். இரண்டுக்கும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள் பிள்ளை. அம்மா பேச்சை மாற்றுவாள். அப்படியே இரண்டு வருஷம் போய்விடும். அந்த இரண்டு வருஷம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

மூன்று கணக்கை மனதில் வையுங்கள். 13 வயது முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்கவே இல்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மார்பு வளரத் தொடங்கி 3 ஆண்டு ஆகியும் மாதவிலக்கு வரவில்லை என்றால் பார்க்க வேண்டும். மற்ற வளர்ச்சியெல்லாம் சரியாக இருந்தாலும் 15 வயது முடிந்தும் வரவில்லை என்றால் பார்த்தே தீர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மார்பு அரும்பி இரண்டு, இரண்டரை ஆண்டில் வந்துவிடுகிறது. ஆகவே கூட்டுக்காரிக்கு எப்போது வந்தது என்று பார்ப்பதைவிட, உங்கள் பிள்ளைக்கு வளர்ச்சி எப்போது தொடங்கியது என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல். 11 வயதில் தோழிக்கு வந்துவிட்டது, 13 வயதிலும் நமக்கு வரவில்லை என்பது மட்டும் நோய் ஆகாது.

“என் காலத்துல 16 வயசுலதான் ஆனேன்” என்று ஆச்சி சொல்வது பொய்யில்லை. ஐரோப்பாவிலேயே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 வயதுதான் கணக்கு. சாப்பாடும் உடல்நலமும் தேறத் தேற அந்த வயது இறங்கி வந்துவிட்டது. ஆச்சியின் காலத்துக் கணக்கு பேத்திக்குப் பொருந்தாது. குடும்பவாகு என்பது உண்மையில் உண்டு. அம்மாவுக்கும் அத்தைகளுக்கும் தாமதம், அப்பா காலேஜ் போன பிறகுதான் உயரம் வளர்ந்தார் என்றால் பிள்ளைக்கும் தாமதமாகலாம். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயது பார்த்தால், உடம்பு மெதுவாகத்தான் நடக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் இந்தக் குடும்பவாகுத் தாமதம் பையன்களிடம் இருக்கும் அளவுக்குப் பெண்பிள்ளைகளிடம் சகஜமில்லை. அதனால்தான் பெண்பிள்ளை விஷயத்தில் ‘குடும்பவாகு’ என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது.

மாதவிலக்கு வர நாலு படி உண்டு. மூளையின் அடியிலிருந்து உத்தரவு போக வேண்டும், சினைப்பை அதைக் கேட்டு ஹார்மோன் சுரக்க வேண்டும், கர்ப்பப்பை தயாராக வேண்டும், வெளியே வழி திறந்திருக்க வேண்டும். எந்தப் படியில் தடங்கல் என்பதைப் பொறுத்தே வைத்தியம். எந்தப் படி என்று தெரியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து.

சினைப்பைப் படிக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் காலம் தவறினால் திரும்பக் கிடைக்காது. பிள்ளை வகுப்பிலேயே குள்ளம். அசெம்பிளியில் எப்போதும் முன்வரிசை. பிறந்தபோது கைகால் கொஞ்சம் வீங்கியிருந்தது, காதில் அடிக்கடி சீழ். 13 ஆகியும் மார்பு வளரவில்லை. இது டர்னர் குறைபாடாக இருக்கலாம். இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ இருப்பது; பிறக்கும் பெண்பிள்ளைகளில் 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருத்தி. ஹென்றி டர்னர் என்ற அமெரிக்க டாக்டர் இதை விவரித்து எழுதிய அதே 1938இல்தான், தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரியை நடத்திவந்த மேரி புன்னன் லூக்கோஸ் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். ஒரு பெண் டாக்டரை அந்த உயரத்தில் உட்கார வைத்த ஊர் இது. இங்கே இன்றும் ஒரு பிள்ளையின் குள்ளத்தைப் பார்த்து “பாட்டி ஜாடை” என்று விட்டுவிடுகிறோம் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

டர்னர் பிள்ளைக்கு உயரம் கூட வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்டு. அதைச் சின்ன வயதிலேயே தொடங்கினால்தான் பலன். எலும்பின் வளரும் முனை மூடிய பிறகு ஊசி போட்டாலும் ஒரு அங்குலம்கூட உயராது. பூப்படைவதற்கான ஈஸ்ட்ரோஜனையும் 11, 12 வயதில் மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அது இல்லாமல் வளர்ந்தால் எலும்பு பலமில்லாமல் போகும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் கோளாறு இருக்கலாம் என்பதால் எக்கோ பார்த்தே ஆக வேண்டும். இவ்வளவும் ஒரு ரத்தப் பரிசோதனையில், குரோமோசோம் பார்ப்பதில் தொடங்குகிறது.

அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் சிலர் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். இதற்குத்தான் பெரிய உஷார்! ‘பீரியட்ஸ் வரவைக்கிற மாத்திரை’ என்று யாரோ சொன்னதை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் கலந்த மாத்திரையைச் சாப்பிட்டு நிறுத்தினால் டர்னர் பிள்ளைக்குக்கூட ரத்தம் படும். வீட்டில் மஞ்சள் நீராட்டி, தாய்மாமன் சீர் வைத்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். மாத்திரையால் வந்த ரத்தம் வயசுக்கு வந்ததல்ல. நோய் உள்ளேயே இருக்கும், அதைத் தேடும் யோசனை மட்டும் போய்விடும். அதைவிட மோசம், வளர வேண்டிய பிள்ளைக்கு ஈஸ்ட்ரோஜன் அளவு மீறிப் போனால் எலும்பு முனைகள் மூடி, இருக்கிற கொஞ்சம் உயர வாய்ப்பும் போய்விடும். எள்ளும் கருப்பட்டியும் சாப்பாடாக நல்லதுதான், கொடுங்கள். அவை குரோமோசோமையோ அடைபட்ட பாதையையோ சரிசெய்யாது.

இன்னொரு பிள்ளை. நல்ல உயரம், நல்ல வளர்ச்சி, யாரும் சந்தேகப்பட முடியாது. 16 வயது, வரவில்லை. வலியும் இல்லை. ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பை இல்லை. சினைப்பை சரியாக இருக்கிறது, அதனால்தான் மற்ற வளர்ச்சியெல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. எம்.ஆர்.கே.எச். என்று நாலு டாக்டர்களின் பெயரெழுத்தால் சொல்வார்கள். சுமார் 5,000 பேரில் ஒருத்தி. 2011 கணக்கெடுப்பில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பெண்கள் 17 லட்சத்துக்கு மேல். அப்படியானால் இந்த ஒரு மாவட்டத்திலேயே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கக் கணக்கு. அவர்களில் எத்தனை பேருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் தெரியும்?

தமிழில் ஒரு சொல் இருக்கிறது, இருசி. பூப்படையாதவளுக்குச் சூட்டிய பெயர். அதை எழுதவே கை கூசுகிறது. திருவனந்தபுரத்துக்காரரான நீல பத்மநாபன் 1968இல் வெளியிட்ட ‘தலைமுறைகள்’ நாவலில், இரணியல் செட்டியார் குடும்பத்து நாகம்மையை அவள் புருஷன் பெண்மையே இல்லாதவள் என்று பழி சொல்லித் தள்ளி வைக்கிறான். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் குடும்பம் என்ன பாடுபடும் என்பதற்கு அந்த நாவலைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்று விஷயத்தை மறைத்துக் கட்டிக்கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. சரியாகாது. அந்தப் பெண்தான் வாழாவெட்டியாகத் திரும்பி வருவாள். முன்பே தெரிந்தால், அவள் விருப்பப்படி யோனிப் பாதையை விரிக்கும் வைத்தியம் இருக்கிறது, மனம் விட்டுப் பேச ஆலோசகர் இருக்கிறார். அவளுடைய சினைமுட்டையிலிருந்து பிள்ளை பெறும் வழியும் திறந்திருக்கிறது. 2014இல் ஸ்வீடனில், தானமாகப் பெற்ற கர்ப்பப்பையில் ஒரு குழந்தை பிறந்தது. 2018இல் புனேயில் அதே முறையில் இந்தியாவின் முதல் குழந்தை பிறந்தது.

இதே தோற்றத்தில் வேறொரு நிலையும் உண்டு. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்த பிள்ளைக்கு எக்ஸ்-ஒய் குரோமோசோம் இருக்கலாம். குழந்தைப் பருவத்தில் இரண்டு பக்கமும் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சில வகைகளில் உள்ளே இருக்கும் சுரப்பியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இருப்பதால் கண்டுபிடிப்பது முக்கியம். அவள் பெண் அல்ல என்று இதற்கு அர்த்தமில்லை. அதை முதலில் வீட்டார் மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு அவளிடம் பேசுங்கள்.

மூளையிலிருந்து உத்தரவு போகாததற்கும் காரணங்கள் பல. அடிக்கடி தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்கல், மார்பில் பால் கசிவு என்றால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம், தாமதம் வேண்டாம். மல்லிகைப்பூ வாசனையே தெரியாது என்று பிள்ளை சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். வாசனை தெரியாமையும் பூப்படையாமையும் சேர்ந்து வரும் பிறவிக் குறைபாடு உண்டு. தைராய்டு குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, சிறுநீரக நோய், அடிக்கடி ரத்தம் ஏற்றுகிற தலசீமியா, வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் பழங்குடியினரிடம் காணப்படும் அரிவாள் செல் சோகை, எல்லாமே தள்ளிப்போடும். சின்ன வயதில் ஆர்.சி.சி.யில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட பிள்ளையா? சில மருந்துகளும் கதிர்வீச்சும் சினைப்பையைப் பாதித்திருக்கலாம். 13 வரை காத்திருக்காமல் முன்பே கேளுங்கள்.

ஓடுகிற, நீந்துகிற, ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிற பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. 1981இல் ஹார்வர்டின் ரோஸ் ஃப்ரிஷ் குழு வெளியிட்ட ஆய்வில், பூப்படைவதற்கு முன்பே கடும் பயிற்சி தொடங்கிய வீராங்கனைகளுக்கு ஒவ்வோர் ஆண்டுப் பயிற்சிக்கும் சுமார் 5 மாதம் தள்ளிப்போனது தெரிந்தது. விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஓடுகிற அளவுக்குச் சோறு போடுங்கள். தட்டில் சாதத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கும் பிள்ளைக்கும் மாதவிலக்கு இப்படித்தான் தள்ளிப்போகும், எலும்பும் தேயும். ‘ஸ்போர்ட்ஸ் பிள்ளைகளுக்கு லேட்டாகும்’ என்று கோச் சொன்னார் என்பதற்காக 15ஐத் தாண்டிக் காத்திருக்காதீர்கள்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதவிலக்குக்கு முன்பே சினைமுட்டை வெளிவரலாம். ஆகவே வயசுக்கு வராத பிள்ளையும் கருத்தரிக்க முடியும். டாக்டர் கர்ப்பப் பரிசோதனை எழுதினால் கோபப்படாதீர்கள். பிள்ளை யாரையாவது கண்டு ஒடுங்கினால், தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எப்போதும் இருக்கிறது.

எங்கே போவது? மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி இருக்கிறது, தைக்காட்டில் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்தும் வைத்தியத்துக்கு இந்த ஊருக்கு ஜனங்கள் வருகிறார்கள், உள்ளூர்க்காரர்களுக்குத் தயக்கம் என்ன? உள்சோதனை செய்வார்களோ என்று பயப்பட வேண்டாம். மூத்திரம் நிறைய வைத்துக்கொண்டு வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன்தான் முதலில். கூட உயரம், எடை, மணிக்கட்டு எக்ஸ்ரே, சில ரத்தச் சோதனைகள். போகும்போது பள்ளியில் வருஷாவருஷம் குறித்த உயரக் கணக்கு, பழைய ஆபரேஷன் சீட்டு, சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, அத்தை, சித்தி எந்த வயதில் ஆனார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வயிற்று வலி வந்த தேதிகளையும் குறியுங்கள். டாக்டர் அறையில் சிறிது நேரம் பிள்ளையைத் தனியாகப் பேச விட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.

மாதாமாதம் வலிக்கிறது, ரத்தம் இல்லை என்றால், அடுத்த மாத வலி வரும்வரை பார்க்க வேண்டாம். நாளைக் காலையே கிளம்புங்கள். மூத்திரம் போகவில்லை என்றால் இன்றிரவே.