காதுக்குள் ‘ஙொய்’ என்று சத்தமா? தறித்தொழிலாளர்களே, அலட்சியம் வேண்டாம்!

ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் பகுதிகளில் தறி ஓட்டும் தொழிலாளர்கள் பலருக்கு ஒரு தொல்லை பழகிப்போய் இருக்கும். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் ‘ஙொய்’ என்று சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது கேட்காது. ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று விட்டு விடுவார்கள். இப்படி விடுவதுதான் ஆபத்து.

இது என்ன?

டாக்டர்கள் இதை ‘டின்னிடஸ்’ என்கிறார்கள். தமிழில் காது இரைச்சல். சிலருக்கு விசில் போலவும், சிலருக்கு வண்டு ரீங்காரம் போலவும் கேட்கும். இது தனி நோய் அல்ல. ஏதோ கோளாறு இருக்கிறது என்று காட்டும் அறிகுறி.

சத்தம் எப்படி வருகிறது?

உள்காதில் நத்தை ஓடு போல சுருண்ட ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய முடி செல்கள் உள்ளன. சத்தத்தை மூளைக்கு அனுப்பும் வேலையில் முக்கியமானவை இவைதான். தறிச்சத்தம் ஓயாமல் அடிக்கும்போது இந்த செல்கள் முதலில் சோர்ந்து, பிறகு செத்துப்போகின்றன. தலைமுடி போல திரும்ப முளைக்காது. காதில் இருந்து தகவல் குறைந்ததும் மூளை தானே ‘வால்யூமை’ கூட்டிக்கொள்கிறது. அந்த இரைச்சல்தான் கேட்கிறது என்பது நிபுணர்கள் சொல்லும் விளக்கம்.

எவ்வளவு சத்தம் கெடுதல்?

85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினாலே நேரம் பாதியாகி விடும். 88 என்றால் 4 மணி நேரம். 94 என்றால் 1 மணி நேரம்தான். தறிக்கூடங்களில் 90 டெசிபலை தாண்டுவது சர்வசாதாரணம். அதில் 12 மணி நேர ஷிப்டு பார்த்தால் காது என்ன ஆகும்?

இதை அளக்க கருவி வேண்டாம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசணும் என்றால், அந்த இடம் காதுக்கு கெடுதல். டி.வி. சத்தத்தை கூட்டி வைப்பதும், குழந்தை பேசுவது புரியாமல் போவதும் காது கேட்பது குறைகிறது என்பதற்கு அடையாளம்.

வேறு காரணங்கள்

எல்லா இரைச்சலுக்கும் தறியே காரணம் அல்ல. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும், சீழ் பிடித்தாலும், சவ்வு கிழிந்தாலும் வரும். ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டு கோளாறு, வயதாவது ஆகியவையும் காரணமாகலாம். ஆஸ்பிரின் மாத்திரை அதிக அளவில் சாப்பிட்டாலும், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகளாலும் வரலாம். அதற்காக டாக்டரை கேட்காமல் மருந்தை நிறுத்தக்கூடாது.

உடனே ஓடுங்கள்

திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நாள் தள்ளினால் கேட்கும் சக்தி திரும்புவது கஷ்டம். ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்பு போல ‘டக் டக்’ சத்தம், தலைசுற்றல், முகம் கோணுவது ஆகியவையும் ஆபத்து அறிகுறிகள்.

என்ன செய்யலாம்?

ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு விட்டு குடையாதீர்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டை பிரிவு இருக்கிறது. அழுக்குதான் காரணம் என்றால், எடுத்ததும் பெரும்பாலும் சரியாகி விடும். செல்கள் செத்திருந்தால் அதை மாற்ற மாத்திரை கிடையாது. ஆனால் காது மிஷின், ஆலோசனை சிகிச்சை மூலம் தொல்லையை குறைக்கலாம். ராத்திரி மின்விசிறி ஓட்டம் போன்ற மெல்லிய சத்தம் இருந்தால் இரைச்சல் அவ்வளவாக தெரியாது.

வேலை நேரத்தில் ‘இயர் பிளக்’ போடுங்கள். வெறும் பஞ்சு போதாது. தறி ஓடும் இடத்தில் குழந்தையை தூளியில் போட்டு தூங்க வைக்காதீர்கள்.

இரைச்சலால் காது கேட்காமல் போவது சட்டப்படி தொழில்நோய் பட்டியலில் உள்ளது. நஷ்டஈடு கேட்க பரிசோதனை சீட்டு ஆதாரமாக உதவும். எனவே வருஷத்துக்கு ஒரு தடவை ‘ஆடியோகிராம்’ எடுத்து, அந்த சீட்டை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.